காணி அவளின்ர, கையெழுத்து அவன்ர

தீவகத்தில கலியாணம் பேசேக்க முதல் வாற கேள்வி காணியைப் பற்றினதுதான். எத்தனை பரப்பு, உறுதி ஆற்ற பேரில, கிணறு பங்கா தனியா எண்டு துருவித் துருவிக் கேப்பினம். அதே கலியாணம் முறியேக்க அந்தக் காணிக்கு என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. அபசகுனமாம். நெடுந்தீவிலயோ நயினாதீவிலயோ ஒரு பெண் பிரிஞ்சு நிக்கேக்கதான் சட்டப் புத்தகம் திறக்கப்படுது. அதில என்ன எழுதியிருக்கு எண்டு கலியாணத்துக்கு முதலே தெரிஞ்சிருக்கவேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

வடக்குத் தமிழரின் சொத்து விவகாரங்களை ஆளுறது தேசவழமைச் சட்டம். 1707 அளவில் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த வழமைகள், 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டன. கணவன் மனைவி சொத்துக்கு இண்டைக்கும் அடிப்படையாக இருப்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி ஒரு பெண்ணின் சீதனமும் முதுசமும் அவளின் தனிச்சொத்து. கணவன்ர கடனுக்கு அதைப் பிடிக்க ஏலாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே சட்டம் இன்னொண்டும் சொல்லுது: நகை, காசு போன்ற அசையும் சொத்தை அவள் தன் விருப்பப்படி விக்கலாம், காணி, வீட்டை விக்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேணும். கணவன் தன்ர முதுசக் காணியை விக்க மனைவியின் கையெழுத்துத் தேவையில்லை.

இதை விவாகரத்தோட சேத்துப் பாருங்கோ. இலங்கையில் பொதுத் திருமணச் சட்டத்தின்கீழ் விவாகரத்துக்குக் காரணம் காட்டவேணும்: பிறர்மனைத் தொடர்பு, வேணுமெண்டே கைவிட்டுப்போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. "எங்களுக்கு ஒத்துவரேல்ல" எண்டது காரணமில்லை. கணவன் மறுத்து வாதாடினால் வழக்கு வருசக்கணக்கில இழுபடும். தீர்ப்பு வந்தாலும் அது முடிவானதாக ஆக குறைஞ்சது 3 மாதம் பொறுக்கவேணும். அதுவரைக்கும் அவள் சட்டத்தின் கண்ணில் மனைவி. வழக்குச் செலவுக்குத் தன்ர காணியில ஒரு துண்டை விக்கவேணுமெண்டால், ஆருக்கு எதிரா வழக்குப் போட்டாளோ அவன்ர கையெழுத்தைத்தான் கேட்டுப் போகவேணும். இதைவிடக் கொடுமையான பகிடி உண்டா?

சட்டத்தில ஒரு வாசல் இருக்கு. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்கிற இடம் தெரியாட்டிலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைத் தானே வழங்கலாம். ஆனால் அதுவும் இன்னொரு வழக்கு, இன்னொரு சட்டத்தரணிக் காசு. நெடுந்தீவுப் பெண்ணுக்கு ஒரு தவணை எண்டால் விடியப்புறம் படகேறி, கடல் குழப்பமில்லாட்டி ஒரு மணித்தியாலத்தில குறிகட்டுவான் இறங்கி, அங்கயிருந்து பஸ் பிடிச்சுப் போறது. தவணை தள்ளிப்போனால் அந்த நாள் கூலியும் போச்சு.

தேடியதேட்டமும், அதாவது கலியாணத்துக்குப் பிறகு சேத்த சொத்தும், ஒரு பெரிய சிக்கல். ரெண்டுபேருக்கும் பாதிப் பாதி எண்டு எங்கட சனம் இண்டைக்கும் நம்புது. 1947இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நிலைமை அப்பிடியில்லை. ஆர் சம்பாதிச்சாரோ அவருடையது; மற்றவருக்குப் பங்கு வாறது அவர் இறந்த பிறகுதான். 1986இல் மாணிக்கவாசகர் எதிர் கந்தசாமி வழக்கில் உயர் நீதிமன்றமும் இந்தப் பக்கமாகவே தீர்ப்புச் சொன்னது. அவன் வெளிநாட்டில உழைக்க, இங்க பிள்ளையளை வளத்து, மாமியைப் பாத்து, வீட்டைக் காத்த பெண்ணின் உழைப்புக்கு இந்தக் கணக்கில இலக்கமே இல்லை.

"கையெழுத்து விதி பெண்ணைப் பாதுகாக்கத்தானே, இல்லாட்டி ஆரும் ஏமாத்தி எழுதுவிச்சுப்போடுவாங்கள்" எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். ஏமாறுறது பெண்ணின் தனிக்குணமில்லை. காணியை ஏமாந்து குடுத்த ஆம்பிளையள் எந்த ஊரிலயும் இருக்கினம். "தேசவழமை எங்கட அடையாளம், அதில கை வைக்கக்கூடாது" எண்டும் சொல்லுவினம். 1911இலும் 1947இலும் கை வைச்சாச்சே. பெண்ணுக்குச் சொத்துக் குடுக்கிற வழமையை நாங்களும் அடையாளமாத்தான் பாக்கிறம். அதைப் பூட்டி வைக்கிற ஒரு வரியை அப்பிடிப் பாக்க ஏலாது. 1923ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்குத் தங்கட காணியில முழு அதிகாரம் குடுத்தது. தேசவழமைக்குட்பட்ட பெண்களை அது வெளியில விட்டது. 100 வருசம் கடந்தும் அந்த இடைவெளி அப்பிடியே கிடக்கு.

ஆகவே எங்கட கோரிக்கை ரெண்டு. கணவனின் சம்மதம் கேக்கிற அந்த வரி நீக்கப்படவேணும். விவாகரத்தில சொத்தைப் பிரிக்கேக்க வீட்டு உழைப்பும் பங்களிப்பு எண்டு சட்டத்திலேயே எழுதப்படவேணும்.

அது வரும்வரை தெரிஞ்சிருக்க வேண்டியவையும் இருக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தாபரிப்புக் கேக்க விவாகரத்து வேண்டியதில்லை. நீதவான் நீதிமன்றம் போதும். விவாகரத்து வழக்கு நடக்கேக்க இடைக்காலத் தாபரிப்புக் கேக்கலாம். தீர்ப்போடு, மற்றவரின் சொத்தில ஒரு பகுதியை எழுதித் தரும்படியோ மொத்தமா ஒரு தொகை தரும்படியோ கட்டளையிடக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதிமன்றத்துக்கு அதிகாரம் குடுக்குது. கேட்டால்தான் கிடைக்கும், சட்டத்தரணியிட்ட இதைக் கட்டாயம் சொல்லுங்கோ. வசதியில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. உறுதியின் பிரதி, நகைப் பற்றுச்சீட்டு, வீடு கட்டக் காசு வந்த வங்கிப் பதிவு எல்லாம் உங்கட கையில இருக்கட்டும். முழுதா வாசிக்காமல் அற்றோணித் தத்துவத்தில கையெழுத்து வையாதேங்கோ.

சீதன உறுதி எழுதிற அண்டைக்கு நொத்தாரிசுவிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: "இந்தக் காணியை எங்கட பிள்ளை தனிய விக்க ஏலுமோ?" அவர் சொல்லுற பதிலைப் பொம்பிளை, மாப்பிள்ளை ரெண்டு பகுதியும் இருந்து கேக்கட்டும்.