வேவு பார்க்கவா வீட்டுப் பதிலி?

இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வழங்கும் ‘ஸ்குவிட்’ போன்ற பதிலிச் சேவையகங்கள், தரவிறக்க எல்லை இறுக்கமாயிருந்த 2000களில் சிட்னி, மெல்பேர்ண் வீடுகளுக்குச் சிக்கனம் தந்தன. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்துடன் வருவதால் அப்பயன் அருகிவிட்டது.

ஆயினும் பிள்ளைகளைக் கண்காணிக்கச் சில பெற்றோர் பதிலியை நாடுகின்றனர். மறையாக்கத்தை உடைக்கும் பதிலி, அதே கணனியில் நீங்கள் இடும் வங்கிக் கடவுச்சொல்லையும் வெளிப்படுத்தும் என்பதை மறவாதீர்கள்.

2007இல் அவுஸ்திரேலிய அரசு 84 மில்லியன் டொலர் செலவில் கொணர்ந்த வடிகட்டியை, மெல்பேர்ண் மாணவர் ஒருவர் 16 வயதில் அரைமணி நேரத்தில் முறியடித்தார். நம் பிள்ளைகளும் திறமை குறைந்தவர்கள் அல்லர்.

தகாத தளங்களின் பெயர்களைத் தடுப்பதே போதுமானது. அதற்கு மறையாக்கத்தை உடைக்க வேண்டியதில்லை. எதை, ஏன் தடுக்கிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகக் கூறுவோம். இளையோரே, அப்பட்டியலைப் பெற்றோருடன் அமர்ந்து நீங்களே அமைத்துக் கொடுங்கள்.