பாயின்ட் விலையும் அடக்க விலையும்

தமிழ்நாட்டில் தனி வீடுகளின் வயரிங் வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் விலை பேசப்படுகிறது: விளக்கு, மின்விசிறி, பிளக் என ஒவ்வொன்றையும் ஒரு பாயின்ட்டாக எண்ணி அதற்கு ஒரு தொகை வைப்பது ஒன்று, கட்டடப் பரப்பைக் கொண்டு சதுர அடிக்கு இவ்வளவு என்று முடிப்பது மற்றொன்று. வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் எளிதில் விளங்குவதாலும், பில் போடும்போது எண்ணிப் பார்த்துச் சரிசெய்துகொள்ள முடிவதாலும் இவை நிலைத்துவிட்டன. விலையைச் சொல்வதற்கான இந்த வடிவத்தையே ஒப்பந்ததாரர் தம் அடக்க விலையைக் கண்டறியும் வழியாகவும் எடுத்துக்கொண்டு, ஊரில் ஓடும் ரேட்டைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொட்டேஷன் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கீழ்த்தள ஹாலில் டிபி பாக்ஸ் அமைந்த ஒரு மாடி வீட்டில், அடுத்த அறையின் ஏ.சி. பாயின்ட்டுக்குப் பைப் 6 மீட்டர் ஓடுகிறது என்றும், மாடி மூலை அறையின் ஏ.சி. பாயின்ட்டுக்கு 18 மீட்டர் ஓடுகிறது என்றும் கொள்ளலாம். முதலாவதற்கு 4 சதுர மி.மீ. வயர் 12 மீட்டரும் எர்த்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் 6 மீட்டரும் போதும். இரண்டாவதற்கு முறையே 36 மீட்டரும் 18 மீட்டரும் வேண்டும். கொட்டேஷனில் இரண்டும் ஒரே விலையில் நிற்கின்றன. வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பவர்கள்கூடக் கிடைமட்ட ஓட்டத்தை மட்டும் கணக்கெடுத்து, மேல்தளத்திலிருந்து சுவிட்ச் போர்டுக்கு இறங்கும் ஏறத்தாழ 6 அடியை விட்டுவிடுவதுண்டு. எட்டு வயர்கள் இறங்கும் ஒரு போர்டில் இதனால் 48 அடி வயர் கணக்கில் வராமல் போகிறது.

வயரின் விலை செம்பின் விலையோடு கட்டுண்டது. 90 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. காயிலில் ஏறத்தாழ 2 கிலோ செம்பும், 1.5 சதுர மி.மீ. காயிலில் 1.2 கிலோவும் இருப்பதால், செம்பு கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் காயிலின் அடக்கம் முறையே 200, 120 ரூபாய் கூடும் என்று கடைக்காரர் சொல்வதற்கு முன்பே கணித்துவிடலாம். லண்டன் உலோகச் சந்தையில் 2020 மார்ச்சில் டன் 5,000 டாலருக்குக் கீழே இருந்த செம்பு 2021 மே மாதத்தில் 10,000 டாலரைத் தாண்டியது. இந்த இடைவெளியில் பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தவர்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இருப்பினும் பொருள் விலையைக் கடையில் கேட்டாவது அறியலாம்; கூலியை அவ்வாறு அறிய வழியில்லை. அமெரிக்காவில் நேகா எனப்படும் தேசிய மின் ஒப்பந்ததாரர் சங்கத்தின் கையேடு, ஒவ்வொரு பொருத்தும் வேலைக்கும் ஆகும் மனித நேரத்தைச் சாதாரணம், கடினம், மிகக் கடினம் என மூன்று நிலைகளில் தருகிறது. மனித நேரம் என்பது ஓர் ஆள் ஒரு மணி நேரம் செய்யும் வேலையின் அளவு. அந்த எண்களைச் செங்கல் சுவரில் காடி வெட்டிப் பைப் பதிக்கும் வேலைக்கு அப்படியே எடுத்தாள முடியாது. முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்களை அவரவர் வேலைக் குறிப்பிலிருந்துதான் திரட்ட வேண்டும். வயர்மேனுக்கு 1,100, ஹெல்பருக்கு 800 என ஒரு ஜோடிக்கு நாளொன்றுக்கு 1,900 ரூபாய் கூலி என்று கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு வகுத்து மணிக்கு 237.50 என்று எழுதுவது காகிதத்தில் சரி. ஏணி தேடுவதிலும், சாரம் பிரிக்கக் காத்திருப்பதிலும், விட்டுப்போன பெண்டு வாங்கக் கடைக்குப் போவதிலும் இரண்டு மணி நேரம் கழிந்தால் உண்மையான செலவு மணிக்கு ஏறத்தாழ 317 ரூபாய். மேலும், கான்கிரீட்டுக்கு முன் பைப் போடுவது, சுவரில் காடி வெட்டிப் பெட்டி பதிப்பது, வயர் இழுப்பது, பெயின்ட் முடிந்தபின் சுவிட்சும் ஃபிட்டிங்கும் மாட்டுவது என வீட்டு வேலை நான்கு கட்டங்களாக, மாதக்கணக்கான இடைவெளிகளில் நடப்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே குறித்துவைத்தால்தான் அடுத்த கொட்டேஷனுக்கு அது உதவும். பத்து வீடுகளின் குறிப்பு கையில் இருப்பவருக்கு ஊர் ரேட் எந்த வேலைக்குக் கட்டும், எதற்குக் கட்டாது என்பது தெரிந்துவிடும்.

அடக்கத்தின் மேல் லாபம் சேர்ப்பதிலும் ஒரு மயக்கம் பரவலாக உள்ளது. 2,00,000 ரூபாய் அடக்கத்தின் மேல் 20 சதவீதம் வைத்து 2,40,000 என்று விலை சொன்னால், கிடைக்கும் 40,000 விற்பனை விலையில் 16.67 சதவீதம் மட்டுமே. வண்டி, வாடகை, ட்ரில்லிங் மெஷின், உரிமக் கட்டணம், ஆடிட்டர் என எந்த ஒரு வேலையிலும் சேராத மேற்செலவு ஆண்டு வரவில் 12 சதவீதம் என்றால் அதில் 28,800 போய்விடும், மீதி 11,200தான். மேற்செலவு 12, லாபம் 10 என்று வேண்டுபவர் அடக்கத்தை 0.78ஆல் வகுத்து ஏறத்தாழ 2,56,400 என்று சொல்ல வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை தன் விலைப் பகுப்பாய்வில் மேற்செலவுக்கும் லாபத்துக்குமாகச் சேர்க்கும் 15 சதவீதமும் அடக்கத்தின் மேல் வைப்பதுதான். விற்பனை விலையில் அது 13 சதவீதமே.

வரியைப் பொறுத்தவரை, குடியிருப்பு வளாகத்தின் பகுதியாக இல்லாத ஒற்றை வீட்டின் புதுக் கட்டுமானத்தில் கூலி மட்டும் பேசும் ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, பொருளும் சேர்ந்தால் விலக்கு இல்லை. கூலி ரேட்டையும் பொருளோடு சேர்ந்த ரேட்டையும் ஒப்பிடுபவர்கள் இதைக் கவனித்தபின்தான் ஒப்பிட வேண்டும்.

கொட்டேஷனில் இரண்டு வரிகள் கூடுதலாக இடம்பெறுவது நல்லது. வயர் விலை எந்தத் தேதியின் விலைப்பட்டியலைக் கொண்டது, எத்தனை நாளுக்குச் செல்லும் என்பது ஒன்று. பிறகு சேர்க்கச் சொல்லும் பாயின்ட்டுக்குச் சுவர்ப் பூச்சுக்கு முன் ஒரு விலை, பெயின்ட்டுக்குப் பின் ஒரு விலை என்பது மற்றொன்று. பூசி முடிந்த சுவரை வெட்டி, மறுபடி பூசி, நிறம் பார்த்துத் தொட்டுக் கொடுக்க மேஸ்திரியின் ஆளும் பெயின்டரும் வர வேண்டியிருப்பதால், அந்த இரண்டாவது விலையில் அவர்கள் கூலியும் சேர்ந்திருக்க வேண்டும்.