பொன் முட்டையும் பச்சை முட்டையும்

நாள்தோறும் ஒரு பொன் முட்டையிட்ட வாத்தின் கதையை அறியாத உறுப்பினர் நம்மில் இரார். நாளுக்கொரு முட்டை போதாதென்று எண்ணிய குடியானவன், வயிற்றிலுள்ள பொன் முழுவதையும் ஒரே நாளில் அடைய விரும்பி வாத்தை அறுத்தான். முட்டையும் போயிற்று; வாத்தும் போயிற்று. பேராசை பெருநஷ்டம் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். நாமும் எழுதிப் பழகினோம். அத்துடன் அக்கதையைக் குழந்தைகளுக்கு உரியதென ஒதுக்கிவிட்டோம்.

ஆனால் இதே தமிழ்நாட்டில், நம் கண்முன்னே, ஒரு பறவையை முன்னிட்டு அக்கதை மெய்யாகவே நடந்தேறியது. அந்தப் பறவையின் முட்டை பொன்னிறம் கொண்டதன்று. கரும்பச்சை நிறம் கொண்டது. ஈமுக் கோழி என்று நம்மவர் அழைத்த ஆஸ்திரேலியப் பறவையே அது.

ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை என்னும் நிறுவனம் இத்தொழிலில் பெரும்பெயர் பெற்றிருந்தது. அதனைப் பார்த்து வேறு பல நிறுவனங்களும் கொங்கு நாட்டில் தோன்றின. திரைப்பட நடிகர்கள் விளம்பரங்களில் தோன்றினர். ஒன்றரை இலட்சம் ரூபாய் செலுத்தினால் ஆறு குஞ்சுகள் தருவார்கள். கொட்டகையும் தீனியும் அவர்கள் பொறுப்பு. பராமரிப்புக்கென மாதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை. இரண்டு ஆண்டு முடிவில் முதலும் திரும்பும் என்பது அத்திட்டம். நிலத்தை விற்றும், நகையை அடகு வைத்தும், ஓய்வூதியப் பணத்தைத் திரட்டியும் மக்கள் செலுத்தினர்.

உறுப்பினர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. ஊக்கத்தொகையைச் சேர்த்தால் 92,000. அதாவது நூறு ரூபாய் முதலுக்கு ஆண்டொன்றுக்கு அறுபத்தோரு ரூபாய் வருமானம். இனி, பறவையின் கணக்கைப் பார்ப்போம். ஈமு பருவமடைந்து முட்டையிடத் தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். ஒப்பந்தமோ இரண்டே ஆண்டுகள். ஆகவே முதல் முட்டை கொட்டகையில் விழுவதற்கு முன்பே, அந்தப் பறவையின் பெயரால் ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரம் ரூபாய் வழங்கப்பட்டாக வேண்டும். முட்டையிடாத பறவை பணம் ஈட்டுவது எங்ஙனம்?

விடை எளிது. பறவை ஈட்டவில்லை. பின்னால் வந்தவன் செலுத்திய முதலே முன்னால் வந்தவனுக்கு வருமானமாகச் சென்றது. புதியவர் வரவு குறைந்த மாதம் எதுவோ, அதுவே முறிவின் மாதம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது வந்தது. நிறுவனத்தின் கதவு அடைபட்டது. கொட்டகைகளில் தீனியின்றிப் பறவைகள் மடிந்தன. இறுதியில் கால்நடைத் துறையைக் கொண்டு அரசே அவற்றுக்குத் தீனி போட நேர்ந்தது. கதையில் வாத்தைக் கொன்றது கத்தி; இங்கே பறவைகளைக் கொன்றது பசி. பின்னர்க் கோவைத் தனி நீதிமன்றம் இத்தகைய வழக்குகளில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்ததும், பண்ணையாளர்களுக்குக் கோடிக்கணக்கில் அபராதம் விதித்ததும் உண்டு. தண்டனை கிடைத்தது, பணம் கிடைத்ததா என்பதை முதலீடு செய்தவர்களிடந்தான் கேட்க வேண்டும்.

இது நம் நாட்டிற்கே புதிதாய் வந்த வினையுமன்று. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் ஓர் ஈமு இணை பல்லாயிரம் டாலருக்கு விற்றது. வாங்கியவன் குஞ்சு பொரித்து அடுத்தவனுக்கு விற்றான். அவன் வேறொருவனுக்கு விற்றான். இறைச்சியை உண்பவன் யார், எண்ணெயை வாங்குபவன் யார் என்று பார்த்தபோது, போதிய எண்ணிக்கையில் ஒருவரும் இல்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விலை வீழ்ந்து, பறவைகளை வேலிக்கு வெளியே துரத்திவிட்டவர்களும் இருந்தனர். அந்தச் செய்தி நமக்கு எட்டியிருந்தால், அல்லது எட்டியபோது செவியில் ஏறியிருந்தால், பெருந்துறையில் இத்தனை குடும்பம் நொந்திராது.

நிற்க. பெருந்துறை எங்கோ இருக்கிறது, கீரனூருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று உறுப்பினர் கேட்கலாம். தொடர்பு உண்டு, அதைச் சொல்லவே இக்கட்டுரை எழுத முற்பட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கீரனூர் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் ஆய்வுக்காக அமர்ந்திருந்தேன். வயது முதிர்ந்த உறுப்பினர் ஒருவர் தம் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்னரே முடித்துக் கொள்ள வந்திருந்தார். நிலக்கடலை விற்ற பணம், இரண்டு மாடு விற்ற பணம் எனச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை அது. கிணற்றை ஆழப்படுத்த வைத்திருந்தார். காரணம் வினவினேன். "ஐயா, இங்கே வருஷத்துக்கு ஏழோ எட்டோ கொடுக்கிறீர்கள். திருச்சியில் நகைக்கடைக்காரர் மாதத்துக்கே இரண்டு கொடுக்கிறாராம். என் மைத்துனன் ஆறு மாதமாக வாங்குகிறான்" என்றார். "பணம் உங்களுடையது பெரியவரே, யோசித்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேரேட்டில் தலையைக் கவிழ்த்துக் கொண்டேன். அவர் பாதியை எடுத்தார், பாதியை விட்டுவைத்தார். எடுத்த பாதி இன்றுவரை திரும்பவில்லை. கிணறும் ஆழமாகவில்லை.

பட்டம் பெற்றவன், கணக்கை ஆராய்வதற்கென்றே சம்பளம் பெறுகிறவன், அன்று பத்து நிமிடம் ஒதுக்கி மேலே காட்டிய கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டவில்லை. அது என் குறை. அவருக்குச் சொல்லாததை இன்று ஆயிரம் பேருக்குச் சொல்கிறேன்.

ஏமாந்தவர்களை அறிவிலிகள் என்று இகழ்வது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அஃது உண்மையுமன்று, நன்றியுமன்று. 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அக்காலச் சென்னையின் கற்றோரும் செல்வரும் அதனை மலைபோல் நம்பியிருந்தனர். அதன் இலண்டன் கூட்டாளி ஊக வாணிபத்தில் பணத்தை இழந்தது, முறியும் நாள்வரை இங்கே பணம் போட்டவர்களுக்குத் தெரியாது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். அந்த வீழ்ச்சியின் பாடத்திலிருந்தே மறு ஆண்டு, 1907இல், இந்தியன் வங்கி தோன்றியது. அண்மைக் காலத்தில், 2022இல் வெளிவந்த ஆருத்ரா கோல்டு வழக்கில், ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் செலுத்திய 2,438 கோடி ரூபாய் குறித்து விசாரணை எழுந்தது. அவர்களிலும் படித்தவர்கள் ஏராளம். பேராசைக்கு எழுத்தறிவு ஒரு தடையன்று.

அப்படியாயின் தடை எது? என் உத்தியோக அனுபவத்தில் கண்ட ஒரே விடை, திறந்த கணக்கு. அர்பத்நாட் கணக்கு மூடியிருந்தது. ஈமுப் பண்ணையின் கணக்கு மூடியிருந்தது. பணம் போட்டவர் எவருக்கும் அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்க உரிமை இல்லை. கணக்கு மூடிய இடத்தில் பெறுபவனுடைய பேராசையும் வளரும். தருபவனுடைய பேராசையும் வளரும்.

நெசவாளர் சகோதரர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பெருந்துறை வட்டத்திலேதான் சென்னிமலை இருக்கிறது. எம். பி. நாச்சிமுத்து போன்றோரின் உழைப்பால் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுக்குப் பேர்பெற்ற ஊர் அது. அவ்வூர்ப் போர்வையை அறியாத வீடு தமிழகத்தில் குறைவு. அங்கே ஒருவர் நூலை வாங்கி, பாவு ஓட்டி, தறியில் நெய்து, சங்கத்தில் கொடுத்துக் கூலி பெற்றார். வருமானம் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. தறியின் ஓசையே விடை சொல்லிற்று. ஒரே வட்டம், ஒரே மக்கள். ஓரிடத்தில் உழைப்புக்கு மேற்பட்ட ஆதாயம் வாக்களிக்கப்படவில்லை. மற்றோரிடத்தில் உழைப்பே தேவையில்லை என்று வாக்களிக்கப்பட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு, நம் கூட்டுறவில் குறையே இல்லை என்று முடித்தால் அது நேர்மையாகாது. 2021ஆம் ஆண்டு ஐந்து சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காகக் கூட்டுறவு நிறுவனங்களின் கடன்கள் ஆராயப்பட்டன. அப்போது சில இடங்களில் போலி நகைகளின் மீது கடன் கொடுத்திருந்ததும், ஒருவர் பெயரிலேயே பல கடன்கள் இருந்ததும் வெளிப்பட்டன. பேராசை நம் சங்க வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரக்கூடியதே. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். நகையை எடுத்து நிறுத்திப் பார்க்க ஓர் ஆய்வு இருந்தது. ஆகவே அந்தத் தவறு வெளிப்பட்டது. ஆய்வு இல்லாத இடத்தில் தவறு முறிவாக மட்டுமே வெளிப்படும்.

ஆதலின் உறுப்பினர்களிடம் மூன்று காரியங்களை வேண்டுகிறேன்.

முதலாவது: பணம் கேட்டு வருபவரிடம், "இந்த வருமானம் எந்தப் பொருளை விற்று, யாரிடமிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். நெல்லுக்கு உண்பவர் உண்டு. வேட்டிக்கு உடுப்பவர் உண்டு. வாங்குபவனைக் காட்ட முடியாத தொழிலில் நீங்களே கடைசி வாங்குபவர்.

இரண்டாவது: "மைத்துனன் ஆறு மாதமாக வாங்குகிறான்" என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். முறிந்த ஒவ்வொரு நிறுவனமும் முறியும்வரை ஒழுங்காகவே கொடுத்தது. முன்னால் வந்தவருக்குக் கொடுப்பதுதான் பின்னால் வருபவரைப் பிடிக்கும் தூண்டில். முதலீட்டாளரைக் காக்க 1997இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றியது. 2019இல் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டமும் வந்தது. சட்டம் திருடனைப் பிடிக்கும். கிணற்றை ஆழப்படுத்தித் தராது.

மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது: சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்கு வாருங்கள். தேநீர் பருகிக் கையெழுத்திட்டுத் திரும்பாதீர்கள். தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத தொகையைச் சுட்டிச் செயலாளரிடம் விளக்கம் கேளுங்கள். கேள்வி கேட்கும் உறுப்பினரைக் கண்டு மனம் வருந்தும் நிர்வாகக் குழு ஏதேனும் இருந்தால், அந்தச் சங்கத்தின் கணக்கை இன்னொரு முறை கேளுங்கள்.

நம் புதுக்கோட்டை மாவட்டம் கண்மாயும் குளமும் நம்பி வாழ்ந்த சீமை. மழை பெய்த அன்றே நீர் முழுவதையும் தன் வயலுக்குத் திருப்பிக் கொள்ள எவனும் துணிந்தால், ஆயக்கட்டு முழுவதும் கருகும். பின்னர் அவன் வயலும் கருகும். ஆகவே முறை வைத்து மடை திறக்கப் பழகினர் நம் முன்னோர். நாளுக்கொரு முட்டை என்பதும் அதுதான். ஆண்டுக்கு ஏழு, எட்டு என்பதும் அதுதான். குறைவாய்த் தோன்றும், நிலைத்து நிற்கும்.

அந்தப் பெரியவரை அண்மையில் மீண்டும் சங்கத்தில் கண்டேன். மீதமுள்ள பாதியை நம்மிடமே வைத்திருக்கிறார். சென்ற பேரவைக் கூட்டத்தில் முதல் வரிசையில் அமர்ந்து, வரவு செலவில் இரண்டு கேள்விகள் எழுப்பியவர் அவரேயாம். செயலாளர் சற்றுத் திணறினார் என்று கேள்வியுற்றேன். மிகவும் மகிழ்ந்தேன்.