டெங்கு விடுதிக்கு முன்பே ஸ்கேன் பயிற்சி

டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் நோயாளியின் உயிரைத் தீர்மானிப்பது குருதித் திரவக் கசிவு. காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கும் இக்கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அந்த நேரத்தில் சேலைன் குறைந்தால் அதிர்ச்சி நிலை. கூடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல். கசிவு தொடங்கிவிட்டதைக் காலத்தோடு காட்டக்கூடியது கட்டிலருகே செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

2017 இல் இலங்கையில் 186,101 பேர் டெங்கு சந்தேக நோயாளராகப் பதிவாயினர். அவ்வாண்டின் தொடக்கத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவும் ஒன்று. அத்தகைய நெருக்கடியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கதிரியல் நிபுணர் வந்து சேர இயலாது. கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை ஆகிய ஊர்களில் நோயாளியை விடுதியிலேயே வைத்துப் பார்ப்பதா, திருகோணமலை நகருக்கு அனுப்புவதா என்ற கேள்வியை இரவு வேளையில் முதலில் எதிர்கொள்பவர் பணியில் இருக்கும் இளம் வைத்தியரே.

அவர் பார்க்க வேண்டிய இடங்கள் சிலவே. வலது பக்க விலா எலும்புகளின் இடைவெளியில், நடு அக்குள் கோட்டில், ஸ்கேன் கருவியின் புரோப்பை அதிலுள்ள குறி தலைப்பக்கம் இருக்குமாறு வைத்தால் ஈரலும் சிறுநீரகமும் அவற்றுக்கு மேலே வெண்கோடாகப் பிரிமென்றகடும் தெரியும். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே கரும்பட்டை தோன்றினால் வயிற்றறையில் நீர். பிரிமென்றகட்டுக்கு மேலே கருமையும், அதன் பின்னால் முள்ளந்தண்டின் கோடும் தொடர்ந்து தெரிந்தால் நெஞ்சறையில் நீர். பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருப்பதும் ஓர் அறிகுறி. ஆனால் சாப்பிட்டவுடன் சுருங்கிய பித்தப்பையும் தடித்தே தெரியும். இதை அறியாதவர் இல்லாத கசிவைக் காண்பார். படகிலோ துறைமுக வேலைத்தளத்திலோ வீதியிலோ வயிற்றில் அடிபட்டு வருபவரிடம் உட்குருதிக் கசிவைத் தேடுவதும் இதே வலது பக்க இடைவெளியில்தான் தொடங்குகிறது.

இந்தத் திறன் கையில் படிய வேண்டும். கண் திரையில் இருக்க, கை புரோப்பைச் சாய்த்தும் திருப்பியும் உறுப்பைத் தேட வேண்டும். சிமுலேற்றர் இதற்கே உதவுகிறது. பயிற்சிப் பொம்மையின்மீது புரோப் நகரும் இடத்தையும் கோணத்தையும் உணரிகள் கணினிக்குத் தெரிவிக்க, அதற்கேற்ற படம் திரையில் மாறும். அரிதாகக் கிடைக்கும் நோய்நிலையையும் வேண்டிய தடவை பார்க்கலாம். தவறினால் யாருக்கும் தீங்கில்லை. டென்மார்க்கில் மகப்பேற்றியலுக்குப் புதிதாக வந்த வைத்தியரிடம் நடத்தி 2015 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சிமுலேற்றரில் முன்பயிற்சி பெற்றோர் இரண்டு மாத மருத்துவப் பணிக்குப் பின்னரும் மற்றவர்களைவிடச் சிறப்பாக ஸ்கேன் செய்தனர்.

விலையுயர்ந்த பொம்மை இல்லையென்று பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வெந்நீரில் ஜெலற்றினைக் கரைத்து, ஒலியைச் சிதறச் செய்ய இசப்கோல் உமி கலந்து, நீர் நிரப்பிக் கட்டிய கையுறை விரலை உள்ளே வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவிட்டால் ஒரு மாதிரி தயார். புரோப்பைப் பிடிப்பதையும், ஆழத்தையும் பிரகாசத்தையும் சரிசெய்வதையும், நீர் கருமையாகத் தெரிவதையும் அதில் பழகலாம். உடற்கூற்றைச் சம்மதம் தரும் சக வைத்தியரின் உடலில் பழகலாம். கசிவின் தோற்றத்தைச் சேமித்த காணொளிகளில் பார்க்கலாம்.

எனினும் ஜெலற்றின் மூச்சு விடுவதில்லை. பொம்மைக்கு வலி இல்லை. மூச்சுத் திணறும் சிறுவனிடமும் பருத்த உடலிலும் படம் எடுக்க, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் விடுதியிலேயே பழக வேண்டும். ஸ்கேனில் நீர் தெரியவில்லை என்பதால் கசிவு இல்லை என்றாகாது. நாடித்துடிப்பு, குருதியமுக்கம், ஹீமற்றோகிறிற், சிறுநீரின் அளவு ஆகியவற்றோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்; ஐயம் எஞ்சினால் மூத்தவரை அழைக்க வேண்டும்.

வடகீழ்ப் பருவமழையோடு கிழக்கில் டெங்கு பெருகுவது வழக்கம். எனவே மாவட்ட வைத்தியசாலைகள் ஒக்டோபருக்கு முன்பே புதிய வைத்தியருக்கு இப்பயிற்சியை அளித்து, நேரில் பரிசோதித்துத் தேறியவரிடமே புரோப்பை ஒப்படைக்க வேண்டும். ஸ்கேன் செய்யக் கற்கும் முதல் உடல் டெங்கு நோயாளியின் உடலாக இருக்கக் கூடாது.