கதவுடைக்கும் தோட்டா

அமெரிக்கப் பொலிஸாரின் அதிரடிப் பிரிவுகளிடம் கதவுடைப்பதற்கென்றே ஒருவகை ஷொட்கன் தோட்டா உண்டு. உலோகத் தூளை மெழுகால் இறுக்கிச் செய்தது. பூட்டையோ பிணைச்சலையோ தகர்த்ததும் தானும் பொடியாகிவிடும். உள்ளிருப்போரைத் துளைக்காதிருக்கவே இந்த ஏற்பாடாம். என்னே கருணை!

கதவைத் தட்டி, தாம் யாரென அறிவித்த பின்னரே நுழையவேண்டும் என்பது அந்நாட்டின் பழைய விதி. அதனை மீறிக் கைப்பற்றிய சான்றுகளும் வழக்கில் செல்லுமென 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். மீறுவோருக்கு நட்டமில்லாத விதியும் ஒரு விதியா என்று நாம் கேட்கின்றோம்.

2020 மார்ச் 13, நள்ளிரவு கடந்த வேளை. லூயிவில் நகரில் பிரியோனா டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணின் கதவு தகர்ந்தது. தோட்டாவால் அன்று, இரும்பு உருளையால் இடித்து. அறிவித்தோம் என்றனர் பொலிஸார். கேட்கவில்லை என்றனர் அயலவர் பலர். கள்வரென எண்ணிக் காதலர் சுட, பொலிஸாரும் சுட்டனர். மாண்ட பிரியோனாவுக்கு வயது 26. தேடிவந்த போதைப்பொருள் அவ்வீட்டில் இருக்கவில்லை.