யுவானை இறக்கியா சீனா ஏறியது?

சிங்கப்பூர் சைனாடவுனின் பகோடா ஸ்திரீட்டில் பத்து வெள்ளிக்கு மூன்று என்று தொங்கும் சாமான்களைக் கையில் எடுத்ததுமே நம்மவர் வாயில் விளக்கம் தயாராக இருக்கும்: "சீனாக்காரன் தன் காசு மதிப்பை வேணும்னே இறக்கி வச்சிருக்கான், அதான் இந்த விலை." இந்த நம்பிக்கையின் வால் இன்னும் மோசம். ரூபாய் விழுந்தால் விழட்டும், ஏற்றுமதி பெருகும், நாமும் ஒரு நாள் சீனா ஆகிவிடலாம் என்று பொருளாதாரம் படித்தவர்களே பேசுகிறார்கள்.

சாலையைக் கடந்தால் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ். அங்குள்ள நாணயமாற்றுக் கடைப் பலகைகளே இதற்குப் பதில் சொல்லும். 2005இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறக்குறைய 5 யுவான் கிடைத்தது. இருபது ஆண்டு கழித்து 2025இலும் ஐந்தரையை ஒட்டித்தான். அதே வெள்ளிக்குத் தேக்காவில் 2005இல் 26 ரூபாய் சொச்சம். 2025இல் 65ஐத் தாண்டிவிட்டது. இந்த இரண்டில் காசை இறக்கியவர் யார்? யுவானுக்கு எதிராக ரூபாய் பாதிக்கும் கீழே போன பிறகும், 2024-25 நிதியாண்டில் சீனாவுடனான இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 99 பில்லியன் டாலர்.

விலைவாசியையும் சேர்த்துக் கணக்குப் போடு என்பார்கள். போடுவோம். இந்த இருபதாண்டில் இந்தியாவில் விலைகள் ஏறிய வேகம் சீனாவைவிட மிக அதிகம். ரூபாய்ச் சரிவில் வந்த அனுகூலத்தில் பெரும்பகுதியை அந்த விலையேற்றமே தின்றுவிட்டது. காசை இறக்கி வாங்கும் சலுகையின் ஆயுள் அவ்வளவுதான்.

சீனாவின் சொந்தக் கதையும் இந்த நம்பிக்கைக்கு ஒத்துவராது. 1997-98 ஆசிய நெருக்கடியில் அக்கம்பக்கத்து நாணயங்கள் எல்லாம் சரிந்தபோது சீனா யுவானை இறக்க மறுத்தது. டாலருக்கு 8.28 என்று கட்டி வைத்திருந்ததை 2005 ஜூலையில் அவிழ்த்தது. 2014 தொடக்கத்தில் அது 6.05 வரை வந்தது. அதாவது யுவானின் மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. அப்படி ஏறிக்கொண்டிருந்த 2007இல்தான் வளர்ச்சி 14 விழுக்காட்டைத் தொட்டது. மாறாக, 2015 ஆகஸ்ட்டில் யுவானைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார்கள். பணம் நாட்டைவிட்டு வேகமாக ஓடியது. 2014இல் சுமார் 4 டிரில்லியன் டாலர் வரை ஏறியிருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2017 தொடக்கத்தில் 3 டிரில்லியனுக்கு இறங்கியது. யுவான் மேலும் விழாமல் தாங்கிப் பிடிக்கச் செலவழித்ததும் அதில் அடக்கம்.

சீனா யுவானை வேண்டுமென்றே மலிவாக வைத்திருக்கிறது என்ற அமெரிக்காவின் புகார் முழுப் பொய்யல்ல. 2003 முதல் சில ஆண்டுகள் சீன மக்கள் வங்கி டாலரை மலையாக வாங்கிக் குவித்து யுவானின் ஏற்றத்தைத் தடுத்தது உண்மை. ஆனால் அதற்கான கூலியைக் கொடுத்தது யார்? வங்கியில் சொற்ப வட்டிக்குப் பணம் போட்டு, இறக்குமதிச் சாமானுக்குக் கூடுதல் விலை கொடுத்த சீனக் குடும்பங்கள்தான். அது வளர்ச்சியின் காரணமல்ல, வளர்ச்சியின் பங்கை மக்களிடமிருந்து ஆலைகளுக்குத் திருப்பிவிட்ட ஏற்பாடு. ஆலை எழக் காரணம் வேறு: கிராமத்திலிருந்து ஷென்ஜென்னுக்கும் டொங்குவானுக்கும் வந்த கோடிக்கணக்கான கைகள், மின்சாரம், துறைமுகம், 2001 டிசம்பரில் கிடைத்த உலக வர்த்தக நிறுவன உறுப்பினர் இடம். அந்நாளைய ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி, வெளியிலிருந்து பாகம் வரவழைத்துப் பூட்டி அனுப்பியது. காசை இறக்கினால் அந்தப் பாகங்களின் விலையும் அல்லவா ஏறும்?

இந்தப் பேச்சைச் சிங்கப்பூரில் நின்றுகொண்டு பேசுவதுதான் வேடிக்கை. இங்கே நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை வைத்தல்ல, வெள்ளியின் செலாவணி மதிப்பை வைத்தே கொள்கை நடத்துகிறது. நாணயச் சந்தையில் தலையிடுவதற்காக அமெரிக்கக் கருவூலத்தின் கண்காணிப்புப் பட்டியலிலும் சிங்கப்பூர் இருந்திருக்கிறது. ஆனால் பல பத்தாண்டுகளாக, தலையிடும் அந்தக் கை வெள்ளியைப் பெரும்பாலும் படிப்படியாக ஏறத்தான் விட்டிருக்கிறது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர் வேறெப்படிப் பிழைக்கும்? அப்படி ஏறிய வெள்ளியோடுதான் துறைமுகமும் சில்லுத் தொழிற்சாலைகளும் வளர்ந்தன.

தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்பும் தம்பி, ரூபாய் விழுந்த வாரத்தில் சந்தோஷப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் சம்பளம் வெள்ளியில். அந்தச் சந்தோஷத்தை நாட்டின் கொள்கை ஆக்கச் சொல்பவர்கள் திருப்பூரின் ஏற்றுமதிப் பெட்டிகள் போகும் பாதையைப் பார்க்கட்டும். தூத்துக்குடியில் ஏறும் சரக்குப் பெட்டிகளில் பெரும்பகுதி கொழும்புக்குப் போய்த் தாய்க்கப்பல் மாறக் காத்துக் கிடக்கிறது. ரூபாய் எவ்வளவு விழுந்தால் அந்தக் காத்திருப்பில் ஒரு நாள் குறையும்?