"ஒரு ரூபா வேலை இல்லாத ஜீப்": நம் பேணுதல் கோழிக் கடையோடு நின்றுவிட்டதா?



பதிவு கொஞ்சம் நீளம். வாகனம் விற்க இருப்பவர்களும் வாங்க இருப்பவர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். வாசித்த பிறகு திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு நாலு முறையாவது இப்படி ஒரு அறிவித்தல் வருகிறது:

"மொண்டெரோ ஜீப், 2007, டீசல், ஃபோர் வீல், ஒரே குடும்பம் பாவித்தது. நல்லா வச்சிப் பாவிச்ச வாகனம். ஒரு ரூபா வேலை இல்லை. எடுத்தால் சாவி போட்டு ஓட்டலாம். வெளிநாடு போவதால் அவசர விற்பனை. இன்ஷா அல்லாஹ் நேரில் கதைக்கலாம்."

ஏழு பேர் ஏறி, 18 வருஷம் ஓடி, மலையும் மணலும் கண்ட ஒரு வாகனத்தில் ஒரு ரூபா வேலை இல்லையாம். கப்பலில் இருந்து நேற்று இறங்கிய வாகனத்துக்கே அப்படிச் சொல்ல முடியாது. விற்பவருக்கும் இது தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், நடுவில் நிற்கும் புரோக்கருக்கு இருவரையும் விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே மூவரும் பேசும் இந்தப் பொய்க்கு "இன்ஷா அல்லாஹ்" என்று ஒரு முத்திரையும் குத்துகிறோம். நம் கோபம் அதில்தான்.

இதெல்லாம் பெரிய விசயமா என்று கேட்பவர்கள் விலையைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனை வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடையில் ஏறக்குறைய 5 வருஷம் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கை மாறிக்கொண்டிருந்தன. இப்போது திறந்திருந்தாலும் பெரிய எஞ்சின் ஜீப்புக்கு வரியைக் கேட்டால் தலை சுற்றும். மொண்டெரோவின் மூல வாகனமான பஜெரோவை ஜப்பானில் உற்பத்தி செய்வதையே கம்பனி 2021இல் நிறுத்திவிட்டது. அதனால் பழைய ஜீப்புக்கும் கோடிக்கணக்கில் விலை சொல்கிறார்கள்.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்ற பிள்ளையின் 10 வருஷ உழைப்பு. உம்மாவின் வளையல். விற்ற வயல். மீதிக்கு லீசிங். இப்படிச் சேர்த்த காசோடு வரும் மனிதனிடம் நாம் மறைக்கும் ஒவ்வொரு குறையும் அவன் வீட்டுச் சோற்றில் கை வைப்பதற்குச் சமம்.

என்னென்ன மறைக்கப்படுகிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவோம்.

மீட்டர். 2 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வாகனம் ஒரு பின்னேரத்தில் 1 லட்சத்து 20 ஆயிரமாக இளமை அடைந்துவிடும். ஆனால் ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டின் ஓரமும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஃபோர் வீல். "நாங்க ஃபோர் வீல் போட்டதே இல்லை, அவ்வளவு கவனமாப் பாவிச்சது" என்று பெருமையாகச் சொல்வார்கள். இது நற்சான்று அல்ல. ஃபோர் வீல் இடைக்கிடை போட்டு ஓட்டப்பட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இறுகிப்போகும். மொண்டெரோவில் லிவரைத் தள்ளியதும் மீட்டர் பக்கத்தில் உள்ள சில்லு விளக்குகள் மின்னிக்கொண்டே இருந்தால் அது ஏறவில்லை என்று அர்த்தம். ஃபோர் வீல் ஜீப் என்று விலை வாங்கிக்கொண்டு டூ வீல் ஜீப்பைக் கொடுப்பதற்கு என்ன பெயர்?

எஞ்சின். 120 வகைப் பிராடோவின் 3.0 டீசல் எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாஷர் கசிந்தால் கரி ஒயிலில் கலக்கும். அது கீழே போய் ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். அடைத்தால் எஞ்சினே போகலாம். கராஜ் பாஸ் இதை உரிமையாளரிடம் சொல்லியிருப்பார். உரிமையாளர் செய்வது, புது ஒயில் ஊற்றி, எஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக்கி, அறிவித்தல் போடுவது.

எயார் பேக். சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றியிருக்கலாம். வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்து ஏமாற்றுவதும் உண்டு. அடிபட்டு எயார் பேக் வெடித்த வாகனத்தை, உள்ளே எதுவுமே இல்லாமல், மேலே மூடியை மட்டும் ஒட்டி விற்பதும் இந்த நாட்டில் நடக்கிறது.

வெள்ளம். 2016இல் களனி கங்கைப் பக்கம், 2024 நவம்பரில் நம் அம்பாறைப் பக்கம், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு நாடு முழுவதும் தண்ணீர் நின்றது. தண்ணீரில் நின்ற வாகனத்தைக் கழுவிக் காயவைத்து வாசனை அடித்தால் ஆறு மாதத்துக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொரு வயராகப் பூக்கத் தொடங்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கும். காலடிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், சீட் பூட்டிய ஆணிகளில் துரு இருக்கும்.

இது காசோடு முடிகிற விசயமும் அல்ல. குடும்ப ஜீப் என்றால் அதில் ஏறுவது யார்? கர்ப்பிணி மகள், வயதான வாப்பா, பின் சீட்டில் நாலு பிள்ளைகள். லீவுக்குக் கண்டி போய்த் திரும்பும்போது மஹியங்கனைப் பாதையில் 18 வளைவு இறக்கம் இருக்கிறது. இரண்டு தொன் எடையுள்ள வாகனம் அந்த இறக்கத்தில் பிரேக்கையும் நம்பித்தான் இறங்குகிறது. பிரேக்கில் இருக்கும் குறையை மறைத்து விற்றவர் அந்த நேரம் தன் வீட்டில் நிம்மதியாக இருப்பார்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட சம்பவம் மதரஸாவில் ஓதிய எல்லாருக்கும் தெரியும். மழை பட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மழை அவர் குற்றமல்ல. ஆனாலும் ஈரமானதை மேலே போட்டு மக்கள் பார்க்க வைத்திருக்க வேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்ற கடுமையான எச்சரிக்கையும் அந்த இடத்தில்தான் வந்தது. கவனியுங்கள்: அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஈரத்தைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். ஜீப்புக்குப் புதுப் பெயின்ட் அடித்து உள்ளே துருவை வைப்பதும் அதேதான்.

ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்று ஒரு பாடமே இருக்கிறது. விற்கும்போது இருந்த, மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. நம்மூரில் ஜீப்பைத் திருப்பிக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று கேற்றை மூடுவார்கள்.

"பார்த்துத்தானே எடுத்தீங்க" என்ற இந்த வசனம் நாட்டின் சட்டத்தில் ஓரளவு எடுபடும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வியாபாரிக்குச் சில பொறுப்புகளைச் சுமத்துகிறது. தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும்போது அந்தப் பாதுகாப்பு மிகவும் மெலிந்துவிடும். அதாவது, சட்டம் கைவிடும் அந்த இடத்தில் வாங்குபவருக்கு மிஞ்சுவது விற்பவரின் ஈமான் மட்டும்தான். அதையும் நாம் கைவிட்டால் அவர் எங்கே போவார்?

வழமையான சாட்டுகளையும் பார்த்துவிடுவோம்.

"எனக்கும் இப்படித்தான் ஏமாத்தி வித்தாங்க." சரி, அநியாயம்தான். உங்களுக்குக் கள்ள நோட்டு வந்தால் அதை அடுத்த கடையில் மாற்றுவது ஹலாலாகுமா?

"நான் மெக்கானிக் இல்லை, எனக்கு என்ன தெரியும்?" தெரியாததைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. கராஜ் பாஸ் போன மாதம் சொன்னது தெரியும்தானே? காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வரும் புகை தெரியும்தானே? அதைச் சொல்லுங்கள்.

"உண்மையைச் சொன்னால் விலை போகாது." இதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்குக் காரணம் வாங்கும் பக்கம் நிற்கும் நாம்தான். அதற்குக் கீழே வருகிறோம்.

அதற்கு முன் புரோக்கர்மார்களுக்கு ஒரு வார்த்தை. உழைத்து எடுக்கும் கொமிஷன் உங்கள் உரிமை. ஆனால் உரிமையாளர் 90 லட்சம் கேட்க, வாங்குபவரிடம் 97 என்று சொல்லி, நடுவில் 7ஐ இருவருக்கும் தெரியாமல் எடுப்பது கொமிஷன் அல்ல. "இப்பதான் சம்மாந்துறையில இருந்து ஒருத்தர் 5 லட்சம் கூட்டிக் கேட்டார்" என்று இல்லாத ஆளை உருவாக்குகிறீர்கள். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்கு நஜ்ஷ் என்று பெயர். அது நேரடியாகத் தடுக்கப்பட்டது. இல்லாத ஆளின் பெயரால் ஏற்றினாலும் அதே மோசடிதான்.

இப்போது வாங்குபவர்கள். ஒருவர் அல்லாஹ்வுக்குப் பயந்து, "ஏசி கொம்ப்ரஸர் பலவீனம், முன் சஸ்பென்ஷன் புஷ் மாற்ற வேணும்" என்று அறிவித்தலிலேயே எழுதினால் நாம் என்ன செய்கிறோம்? "குறை உள்ள வாகனம்" என்று கடந்து போகிறோம். அல்லது 2 லட்சம் வேலைக்கு 15 லட்சம் குறைக்கச் சொல்கிறோம். பக்கத்து வீட்டில் அதே குறையோடு "ஒரு ரூபா வேலை இல்லை" என்று நிற்கும் ஜீப்பை முழு விலைக்கு எடுக்கிறோம். பொய்யனுக்குப் பரிசும் உண்மை சொன்னவனுக்குத் தண்டமும் கொடுத்துவிட்டு, "இந்தக் காலத்தில யாரையும் நம்ப ஏலாது" என்று புலம்புவதில் என்ன நியாயம்? குறையைச் சொன்னவரிடம் அந்தக் குறையைத் திருத்தும் செலவை மட்டும் கழியுங்கள். அதற்கு மேல் கழிப்பது அவருடைய உண்மையைப் பயன்படுத்தி அவரையே கொள்ளையடிப்பது.

இன்னொன்று, ஓபன் பேப்பர். விற்றவரின் கையெழுத்தோடு வெற்றுப் பத்திரம் நாலு கை மாறுகிறது, யார் பெயருக்கும் வாகனம் போகவில்லை. நாளைக்கு அந்த ஜீப் யாரையாவது அடித்துவிட்டு ஓடினால் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டுக்கு. லீசிங் முடியாத வாகனமென்றால் அறுதி உரிமையாளர் கம்பனிதான் என்பதை மறைத்து விற்பதும் நடக்கிறது. தவணை நின்றால் வாகனத்தை இழப்பது ஒன்றும் அறியாத மூன்றாம் ஆள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. வாகனத்தோடு ஒரு தாள் கொடுக்கும் பழக்கத்தை நம்மூரில் கொண்டுவருவோம். ஒரே ஒரு தாள், விற்பவரின் கையெழுத்தோடு. அதில்:

1. மீட்டரில் உள்ள கிலோமீட்டர் உண்மையானதா, "தெரியாது" என்றால் தெரியாது என்று.
2. அடிபட்டதா, எந்தப் பக்கம், எயார் பேக் வெடித்ததா.
3. தண்ணீரில் நின்றதா.
4. எஞ்சின், கியர் பொக்ஸ், பிரேக், ஃபோர் வீல் ஒவ்வொன்றிலும் தெரிந்த குறை.
5. கடைசியாக கராஜில் செய்யச் சொல்லி இன்னும் செய்யாமல் இருக்கும் வேலை.
6. லீசிங் பாக்கி, புத்தகத்தில் உள்ள பெயர்கள்.
7. வாங்குபவர் விரும்பும் கராஜில் காட்டச் சம்மதமா.

ஏழாவதற்கு "சம்மதமில்லை" என்று ஒருவர் எழுதினால், மற்ற ஆறையும் வாசிக்கத் தேவையில்லை.

குழு அட்மின்மார்களே, இந்தத் தாள் இல்லாத வாகன அறிவித்தலை அனுமதிக்காதீர்கள். பள்ளி நிர்வாகங்களே, கதீப்மார்களே, ஒரு ஜும்ஆவையாவது இதற்கு ஒதுக்குங்கள். கோழி அறுத்த கை யாருடையது என்று விசாரிக்கும் நாம், ஹலால் முத்திரை இல்லாத பிஸ்கட்டைப் பிள்ளையின் கையில் இருந்து பறிக்கும் நாம், குறையை மறைத்து வாங்கிய 20 லட்சத்தில் அந்தக் கோழியை வாங்குகிறோமே, அதைப் பற்றியும் மிம்பரில் யாராவது பேச வேண்டாமா?

உண்மையிலேயே நல்லா வச்சிப் பாவிச்ச ஜீப்களும் நம்மூரில் இருக்கின்றன. நேரத்துக்கு ஒயில் மாற்றி, பில்லைக் கோர்த்து வைத்து, பிள்ளை மாதிரிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொய் அறிவித்தல்களால் அதிகம் நட்டப்படுபவர்களும் அவர்கள்தான், ஏனென்றால் இன்று அவர்கள் சொல்வதையும் யாரும் நம்புவதில்லை. அந்தச் சகோதரர்கள் முதலில் தாளை எழுதிப் போடட்டும். மற்றவர்கள் ஏன் எழுதவில்லை என்று ஊர் தானாகக் கேட்கும்.

தாளின் மாதிரி வேண்டுமென்றால் மேலே உள்ள ஏழையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் ஜீப் விற்க இருப்பவர்கள் யாராவது கொமென்டில் தொடங்கி வையுங்கள்.